ஹெச்-இண்டெக்ஸ் எவ்ளோ பாஸ்?

எம்.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட் முடியப்போகுது. அடுத்து பிஹெச்.டி.தான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியாச்சு. அதுவும் கேன்சர் பயாலஜி. ஒருபக்கம் நெட் எக்ஸாம், மறுபக்கம் கைடு வேட்டை. உங்க சீனியர் என்ன அட்வைஸ் கொடுத்திருப்பார்னு நான் சொல்லட்டுமா? "மச்சி, கூகுள் ஸ்காலர்ல அவர் பேரைப் போட்டுப் பாரு. ஹெச்-இண்டெக்ஸ் முப்பதுக்கு மேல இருந்தா கண்ணை மூடிட்டு சேர்ந்துடு!"

தயவுசெஞ்சு கண்ணை மூடாதீங்க. அஞ்சு வருஷம் பாஸ், சின்ன விஷயமா?

முதல்ல இந்த ஹெச்-இண்டெக்ஸ் என்னன்னு பார்த்துடலாம். பலபேர் இதை ஏதோ ஐ.க்யூ. மாதிரி நினைச்சுட்டிருக்காங்க. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்கிற இயற்பியல் பேராசிரியர், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒருத்தர் நூறு பேப்பர் எழுதியிருக்கலாம். அதுல இருபது பேப்பர், ஒவ்வொண்ணும் குறைஞ்சது இருபது தடவை மத்தவங்களால மேற்கோள் காட்டப்பட்டிருந்தா அவரோட ஹெச் 20. மிச்ச எண்பது பேப்பர் கணக்கிலேயே வராது. சரி, வாழ்நாள்ல மூணே மூணு பேப்பர் எழுதி, மூணையும் ஆளுக்குப் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தா? ஹெச் வெறும் 3! நம்ம ஊர் கைடு தேடல்ல அவர் முதல் ரவுண்டிலேயே அவுட்.

இன்னொண்ணு. "இந்த ஆள் சொன்னது தப்பு"ன்னு எழுதி மேற்கோள் காட்டினாலும் அதுவும் ஒண்ணுதான். எண்ணுற மெஷினுக்குத் திட்டும் பாராட்டும் ஒரே கணக்கு.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். கச்சிராயபாளையம் பக்கத்துல கிராமம். கோமுகி அணையில மீன் பிடிச்சு வளர்ந்த கோஷ்டி. என் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் கல்வராயன் மலை மூலிகை ஒண்ணு. (அப்போ நாங்க விழுப்புரம் மாவட்டம். 2019-லதான் தனி மாவட்டம் ஆனோம்.) வெள்ளிமலை பஸ்ல ஏறி, வளைவு வளைவா மேல போய், மரவள்ளிக் காட்டையும் சாமை வயலையும் தாண்டி ஒரு பெரியவரைப் பார்த்தேன். மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர். கேரளா இல்லைங்க, மலையில வாழுறவங்க, தமிழ்தான் பேசுவாங்க. அவர்தான் எந்த இலை, எந்த மாசம் பறிக்கணும், வெயில்ல காயவைக்கணுமா நிழல்லயா, எல்லாத்தையும் சொன்னார். கடுக்காய் மரத்தடியில உட்காரவச்சு ஒரு மணி நேரம் வைவா எடுத்த மாதிரி என்னையும் கேள்வி கேட்டார். "எதுக்கு இவ்ளோ இலை? பட்டணத்துல எல்லாருக்குமா உடம்பு சரியில்ல?"

எந்த இலைன்னு நான் சொல்லப்போறதில்லை. காரணம் பின்னாடி வரும்.

இந்த மாதிரி ப்ராஜெக்ட் எப்படி நடக்கும்னு லைஃப் சயின்ஸ் ஆட்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். இலையைக் காயவச்சு, பொடி பண்ணி, மெத்தனால்ல ஊறவச்சு, மெத்தனாலை ஆவியாக்கிட்டா பிசுபிசுன்னு ஒரு சாறு மிஞ்சும். 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்ததுக்கு அப்புறம், அந்த வார்த்தையை எங்க ஊர்ல யாராலயும் சாதாரணமாச் சொல்ல முடியல. ஆனா லேப்ல அது ஒரு பாட்டில், லேபிள், அவ்ளோதான். அந்த மெத்தனால் துளி மிச்சமிருந்தாலும் செல் சாகும். பழி மூலிகை மேல விழும். "கேன்சரைக் கொல்லுது"ன்னு பேப்பர் போட்டுடலாம்.

அந்தச் சாறை, பிளாஸ்டிக் தட்டுல இருக்கிற 96 குழிகள்ல வளர்ற கேன்சர் செல்கள் மேல ஊத்துவோம். பெரும்பாலும் ஹீலா செல். 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிடம் கேட்காமலே எடுத்து வளர்த்தது. அப்புறம் எம்.டி.டி. என்கிற மஞ்சள் சாயம். உயிரோட இருக்கிற செல் அதை ஊதாவா மாத்தும், செத்தது மாத்தாது. ஊதா எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு மெஷின் சொல்லும். 1983-ல் டிம் மோஸ்மன் எழுதின முறை இது. அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டாத மூலிகைப் பேப்பர் அபூர்வம்.

பாதி செல்லைக் கொல்ல எவ்ளோ சாறு தேவைன்னு ஒரு எண் வரும். எனக்கு வந்தது ஒரு மில்லிக்கு 180 மைக்ரோகிராம். கச்சா சாறுன்னா 20, 30 மைக்ரோகிராமுக்குள்ள வந்தாத்தான் மேற்கொண்டு பார்க்கலாம்னு அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோல் ஒண்ணு உண்டு. 180-ன்னா? சோப்புத் தண்ணி ஊத்தினாலும் செல் சாகும் பாஸ். "செயல்பாடு குறைவு"ன்னே எழுதினோம். ஒரு சின்ன இதழ்ல பேப்பரா வந்தது.

இப்போ அந்தப் பேப்பருக்கு 43 சைட்டேஷன்!

ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து 43-ஐயும் திறந்து படிச்சேன். எங்க பேப்பர் எங்கே வருதுன்னு பார்த்தா, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் முன்னுரையில. "பல தாவரங்களுக்குப் புற்றுநோய் எதிர்ப்புத் தன்மை உண்டு"ன்னு ஒரு வரி, அது பின்னாடி ரயில்பெட்டி மாதிரி பதினஞ்சு நம்பர். அதுல ஒரு பெட்டி நாங்க. செயல்பாடு குறைவுன்னு நாங்க எழுதினதை ரெண்டு பேர் கவனிச்சிருந்தாங்க. அந்த இலையைத் திரும்பப் பறிச்சு, திரும்பச் சோதிச்சுப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை.

சைட்டேஷன் வேற, உபயோகம் வேறன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. ரெண்டும் ஒண்ணா இருந்த ஆளும் உண்டு. அவரை நீங்க தெரிஞ்சுக்கணும்.

எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர். ஆனா காலேஜ் படிச்சது நம்ம மெட்ராஸ்ல. மெட்ரிகுலேஷன்ல ரெண்டு தடவை கோட்! மூணாவது தடவை திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல்ல இருந்து பாஸ். அப்புறம் பிரசிடென்ஸி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு கதர்ல ஆபரேஷன் அங்கி போட்டுக்கிட்டு போனார். வெள்ளைக்காரப் புரொஃபஸருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கொடுக்காம அதுக்குக் கீழ உள்ள எல்.எம்.எஸ். சர்டிஃபிகேட்டோட அனுப்பிட்டாங்க. 1923-ல் பாஸ்டன் போனார்.

1925-ல் ஹார்வர்டுல சைரஸ் ஃபிஸ்கேயும் இவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவுன்னு நிறத்தை வச்சுக் கண்டுபிடிக்கிற முறையை எழுதினாங்க. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. நீங்க பயோகெமிஸ்ட்ரின்னா ப்ராக்டிகல்ல செஞ்சிருப்பீங்க. பல ஆயிரம் சைட்டேஷன் வாங்கின பேப்பர். இங்கே ஒவ்வொரு மேற்கோளும் ஒரு ஆள் உண்மையிலேயே டெஸ்ட் டியூபை எடுத்துச் செஞ்சது.

இனிமேதான் விஷயம். ஹார்வர்டு இவரை நிரந்தரமாக்கலை. லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போய் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவரானார். ஃபோலிக் அமிலத்தைத் துரத்தினார். அதுக்கு எதிரா வேலை செய்யிற அமினோப்டெரின் அந்தக் குழுவுல உருவாச்சு. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிஞ்சது. 1948 ஜூன்ல பேப்பர் வந்தது. கீமோதெரபி வரலாறு சொல்ற எல்லாரும் மேற்கோள் காட்டுற பேப்பர். அதுல அஞ்சு பேர் பெயர் இருக்கு. சுப்பாராவ் பெயர் அந்த அஞ்சுல இல்லை. அதே ஆகஸ்ட்ல தூக்கத்திலேயே போயிட்டார், 53 வயசு.

அமினோப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்னிக்கும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறாங்க, மூட்டு வாதத்துக்கும் கொடுக்கிறாங்க. அந்த மாத்திரையை முழுங்குறவங்கள்ல யாரும் சைட்டேஷன் போடுறதில்லையே! போகட்டும், வட தமிழ்நாட்டுல வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து நர்ஸம்மா கொடுத்த ஆனைக்கால் மாத்திரை ஞாபகமிருக்கா? டி.இ.சி. அதுவும் இவர் குழு கண்டுபிடிச்சதுதான். உங்க சீனியர்கிட்ட சுப்பாராவ் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு இந்தியர். பாரத் அகர்வால். பஞ்சாப்ல இருந்து போய் ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டர்ல பேராசிரியரானவர். நம்ம மஞ்சள்ல இருக்கிற குர்குமினை உலகப் புகழாக்கினதுல பெரிய பங்கு இவருடையது. நூற்றுக்கணக்கில் பேப்பர். ஹெச்-இண்டெக்ஸ் சும்மா நூறைத் தாண்டி எங்கேயோ நிற்கும். உலகத்துல அதிகமா மேற்கோள் காட்டப்படுற விஞ்ஞானிகள் பட்டியல்லயும் இடம். அப்புறம் பேப்பர்ல இருக்கிற படங்கள் பத்திக் கேள்வி வர ஆரம்பிச்சது. 2016-ல் ஒரே இதழ் அவரோட ஏழு பேப்பர்களை ஒரே மூச்சுல வாபஸ் வாங்கிச்சு. மொத்தம் வாபஸ் ஆனது இருபத்தஞ்சைத் தாண்டியாச்சு.

வாபஸ் ஆன பேப்பரோட சைட்டேஷன் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அப்படியே இருக்கும். இன்னும் கொடுமை, வாபஸ் ஆனது தெரியாமலே மேற்கோள் காட்டிட்டே இருப்பாங்க. 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் மொத்தத்தையும் அலசினாங்க. 120-க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருக்கு. நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்து, எது வெறும் மாத்திரைன்னு தெரியாம நடத்துற முறையான சோதனையில ஒண்ணும் தேறலைன்னு எழுதினாங்க. உடம்புல சரியா உறிஞ்சப்படாது, சோதனைக் கருவிகளையே ஏமாத்துற குணம் வேற. மஞ்சளைக் குறை சொல்லலை. குழம்புல தாராளமாப் போடுங்க.

ஒருத்தரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? 2012-ல் ஆம்ஜென் கம்பெனியில வேலை பார்த்த கிளென் பெக்லி ஒரு குண்டைப் போட்டார். கேன்சர்ல மைல்கல்னு பேர் வாங்கின 53 பேப்பர்களை அவங்க லேப்ல திரும்பச் செஞ்சு பார்த்தாங்களாம். 6 மட்டும்தான் சரியா வந்துச்சு. திரும்ப வராத பேப்பர்களும் மேற்கோள்ல ஒண்ணும் குறைஞ்சுபோகலை!

நம்ம ஊரும் சளைச்சதில்ல. 2019-ல் 'நேச்சர்' இதழ், சைட்டேஷன்ல 94 சதவீதம் தன்னாலும் தன் கூட்டாளிகளாலும் வாங்கின ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியரைப் பத்தி எழுதுச்சு. ஆள் சென்னைப் பக்கம். 2023-ல் 'சயின்ஸ்' இதழ், மாணவர்களைப் பரீட்சை மாதிரி உட்காரவச்சுப் பேப்பர் எழுதவச்சு, அதுல சொந்தக் காலேஜ் பேப்பர்களையே மேற்கோள் காட்டவைக்குதுன்னு ஒரு பல் மருத்துவக் கல்லூரியைப் பத்தி எழுதுச்சு. அதுவும் சென்னை. "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி"ன்னு பேராசிரியர் படத்தோட ஃப்ளெக்ஸ் வைக்கிறாங்களே, அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற ஜான் அயோனிடிஸ், சுய மேற்கோளைக் கழிச்ச கணக்கையும் பக்கத்துலயே கொடுக்கிறார். ஃப்ளெக்ஸ்ல அந்தக் காலத்துக்கு இடம் பத்தாது போல.

"சரி சார், நம்பர் ஏறினா ஏறட்டும், யாருக்கு நஷ்டம்?"னு கேட்கலாம். என் மாமாவுக்கு நஷ்டம் ஆகியிருக்கும்.

மாமாவுக்குக் கன்னத்துல புண். இருபது வருஷமா வாயோரம் புகையிலை அதக்கின இடம். கேன்சர்னு சொல்லி, ஜிப்மர்ல ரேடியேஷனும் கூடவே கீமோவும்னு முடிவாச்சு. ரெண்டு வாரத்துல வாயெல்லாம் வெந்து, எச்சில் முழுங்க முடியல. அத்தை என்னைக் கூப்பிட்டாங்க.

"ஏண்டா தம்பி, நீதானே மலையிலேர்ந்து எலை பறிச்சாந்து கேன்சரைக் கொன்னே? பேப்பர்லகூட வந்துச்சுன்னு உங்கம்மா சொன்னா. அதை அரைச்சுக் கொடேன். மாமாவால இனிமே பாண்டிக்கு அலைய முடியாதுடா."

"அத்தை, அது தட்டுல இருக்கிற செல்லு. மனுஷன் இல்ல."

"தட்டுல செத்தது வாயில சாவாதா?"

என்ன பதில் சொல்வீங்க? 43 பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, நாற்பத்தி நாலாவதா அத்தை. அவங்க ஒருத்தர்தான் நிஜமா உபயோகிக்கத் தயாரா இருந்தாங்க! அரை நாள் உட்கார்ந்து பேசினேன். சாறு அந்த அளவுக்கு ரத்தத்துல ஏறணும்னா எத்தனை படி இலை அரைக்கணும், அதுக்குள்ள கல்லீரல் என்ன ஆகும்னு அத்தைக்குப் புரியிற கணக்குல சொன்னேன். அத்தை சமாதானமாகலை. மாமாதான் பேப்பர்ல எழுதிக் காட்டினார்: "நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?" கோர்ஸை முடிச்சார். வாய் இப்போ முழுசாத் திறக்காது. சோத்தைக் கரைச்சுத்தான் குடிக்கிறார். காலையில கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறார். இலை பேரை ஏன் சொல்லலைன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

மாமா மாதிரி கன்னப் புற்றுநோய்க்கு ரேடியேஷனையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்தா என்ன ஆகும்னு சீக்கிரமே சோதிச்சுப் பார்த்தவங்கள்ல, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோட டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் உண்டு. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின இடம். சாந்தா 1955-ல் சேர்ந்தவர், 2021-ல் இறக்கிற வரைக்கும் அங்கேயேதான். வெத்திலை, புகையிலைக் கன்னப் புற்றுநோய் முக்கியமா நம்ம பக்கத்து வியாதி. இதுல வேலை செய்யிற லேப் உலகத்துல குறைவு. மேற்கோள் காட்ட ஆளே குறைவுன்னா சைட்டேஷன் எப்படி ஏறும்? மார்பகப் புற்றுநோய்ல ஏதோ ஒரு புரதத்தைப் பத்தி எழுதினா ஆயிரம் லேப் படிக்கும். ரெண்டு பேரோட ஹெச்-இண்டெக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறது, கபடி ஸ்கோரையும் கிரிக்கெட் ஸ்கோரையும் ஒப்பிடுற மாதிரி.

அப்போ கைடை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது? நம்பரைப் பார்க்காதீங்கன்னு சொல்லமாட்டேன். பாருங்க. பார்த்துட்டு அதைத் திறங்க. ஸ்காலர் பக்கத்துல அதிக சைட்டேஷன் வாங்கின முதல் அஞ்சு பேப்பர்ல எத்தனை ரிவ்யூன்னு எண்ணுங்க. ரிவ்யூவுக்கு எப்பவுமே மேற்கோள் கொட்டும், அதுல லேப் வேலை இருக்காது. ஆராய்ச்சிப் பேப்பரா இருந்தா ஒண்ணை எடுத்துப் படிங்க. கேன்சர் செல் மேல ஊத்தினதைச் சாதாரண செல் மேலயும் ஊத்தினாங்களா? சாறு கரைச்ச திரவத்தை மட்டும் தனியா ஊத்திப் பார்த்தாங்களா? இது ரெண்டும் இல்லாத பேப்பர் நூறு இருந்தாலும் எனக்கு அந்த லேப் வேண்டாம். முதல் ஆசிரியர் இடத்துல மாணவர் பேர் இருக்கா, இல்லை எல்லாத்துலயும் சாரே முதலான்னு பாருங்க. பேரை ரிட்ராக்‌ஷன் வாட்ச்லயும் பப்பியர்லயும் ஒரு தடவை தட்டிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

யு.ஜி.சி. பட்டியல்ல இருக்கிற இதழ்தானேன்னு நிம்மதியா இருக்கவும் வழியில்லை. கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில யு.ஜி.சி.யே கைவிட்டாச்சு. தீசிஸுக்கு முன்னாடி பேப்பர் கட்டாயம்ங்கிறதையும் 2022 விதியில எடுத்துட்டாங்க. இருந்தும் "மாசம் ஒரு பேப்பர்"னு துரத்துற கைடுகள் உண்டு. என் கிளாஸ்மேட் ஒருத்தன் அப்படி ஒருத்தர்கிட்ட மாட்டினான். சார் ஹெச்-இண்டெக்ஸ் நாற்பதுக்கு மேல. இவன் நாலு வருஷத்துல பதினொரு பேப்பர்ல பேர் வாங்கினான். போஸ்ட்-டாக் இன்டர்வியூவுல "இதுல நீங்க கையால செஞ்சது எது?"ன்னு கேட்டாங்க. தண்ணி குடிச்சுட்டு வெளியே வந்துட்டான். இப்போ சின்னசேலத்துல அவங்கப்பாவோட மரவள்ளி வியாபாரத்தைப் பார்த்துக்கிறான். நல்லா சம்பாதிக்கிறான், அது வேற விஷயம்.

கடைசியா ஒண்ணு. அந்த லேப்ல படிச்சு வெளியே போனவங்க ரெண்டு பேர் நம்பரை எப்படியாவது வாங்குங்க. மெயில் போடாதீங்க, எழுத்துல யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் போடுங்க. "சார் எப்படிண்ணா?"ன்னு கேளுங்க. "சாரா? சார் நல்லவர்தான்..."னு ஆரம்பிச்சுட்டு நாலு செகண்ட் சும்மா இருந்தார்னா, அந்த நாலு செகண்டை நோட்டுல குறிச்சு வச்சுக்கோங்க.